தாழ்ந்த கார், உயர்ந்த வேகத்தடை

பெங்களூர் சாலைகளில் காயிலோவர் மாட்டுகிறவர்கள் காரின் உயரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறொன்று.

காலை ஏழரை மணி. ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தின் தூண்களை ஒட்டி ஒரு சிவப்பு ஸ்விஃப்ட் கார் நத்தை வேகத்தில் வருகிறது. எதிரே ஒரு வேகத்தடை. கார் நேராக ஏறவில்லை. முதலில் இடது சக்கரம், பிறகு வலது சக்கரம் என்று கோணலாக ஏறுகிறது. பின்னால் நிற்கும் ஆட்டோவின் ஹாரன் ஓயவில்லை. இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் காரின் அடியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். ஓட்டுகிற 26 வயது இளைஞர் முகம் சுளிக்கிறார். பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். பழைய கார் வாங்கி, அதில் காயிலோவர் சஸ்பென்ஷன் மாட்ட ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்திருக்கிறார். தன் பெயரைப் போட வேண்டாம் என்கிறார். அதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஸ்ரீராம்புரத்தின் சந்துகளில் சொந்தக் கார் என்பதே பெரிய சமாச்சாரம். வேலைக்குப் போக, கல்யாணத்துக்குப் போக, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டிதான். ஆனால் காயிலோவர் மாட்டிய மறுநாளிலிருந்து அவருடைய அம்மா பின் சீட்டில் உட்கார மறுத்துவிட்டார். முதுகு வலிக்கிறது, ஆட்டோவே மேல் என்பது அவர் தீர்ப்பு.

காயிலோவர் என்பது ஏதோ மாயப் பொருள் அல்ல. ஷாக் அப்சார்பரின் உடலைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் அமைந்திருக்கும் ஏற்பாடுதான். முன் சக்கரங்களைப் பொறுத்தவரை, 1983ல் வந்த மாருதி 800லேயே இது இருந்தது. (அம்பாஸடரின் பின்புறம் கடைசிவரை கமான் பட்டையில்தான் ஓடியது.) கடையில் தனியாக விற்கும் காயிலோவரின் விசேஷம், ஷாக்கின் உடலில் மரை வெட்டியிருப்பது. மரையில் ஓடும் வளையத்தைத் திருகிக் காரை ஏற்றலாம், இறக்கலாம். விலை கூடியவற்றில் ஷாக்கின் இறுக்கத்தையும் ஒரு குமிழைத் திருகி மாற்றலாம். ஜெர்மனியின் பில்ஸ்டீன், ஜப்பானின் டெய்ன், தைவானின் பிசி ரேசிங் ஆகியவை இந்தத் தொழிலில் தெரிந்த பெயர்கள். இறக்குமதி செட் ஒன்று லட்ச ரூபாயைத் தாண்டுவது சகஜம்.

இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் போன்ற பந்தயத் தடங்களில் இந்தச் சரக்கு தன் வேலையைக் காட்டும். அங்கே தார் வழவழப்பாக இருக்கும், வளைவுகளில் வேகம் இருக்கும், பின் சீட்டில் அம்மா இருக்க மாட்டார். தினசரி ஓடும் காரின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது கடினமல்ல. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். பழைய ஸ்விஃப்டின் இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 2.39 மீட்டர். அப்படியானால் ஒழுங்காகக் கட்டிய வேகத்தடை, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 42 மி.மீ. மட்டுமே புடைத்து நிற்கும். எந்தக் காரும் உரசாது.

ஆனால் தெருக்காரர்கள் தாங்களே சிமென்ட் குழைத்து எழுப்பும் ஓரடி அகல மேட்டில் 10 செ.மீ. உயரமும் அப்படியே நிற்கிறது. ஸ்விஃப்டின் அடிப்பாகம் தரையிலிருந்து 170 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. அதை 45 மி.மீ. இறக்கினால் மிச்சம் 125. நான்கு பேர் ஏறும்போது இன்னும் 30 மி.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 95. மேடு 100. 'கர்ர்' சத்தத்துக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

அடிபடுவது வெளியே கேட்கிறது. உள்ளே நடக்கும் சேதம் கேட்பதில்லை. சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம்தான் சஸ்பென்ஷனின் முதலீடு. மேல்நோக்கி 80 மி.மீ. அசையக்கூடிய சக்கரம், காரை 45 மி.மீ. இறக்கியதும் 35 மி.மீ. மட்டுமே அசைய முடிகிறது. அடுத்த குழியில் ஷாக், ரப்பர் தடுப்பில் போய் மோதுகிறது. அதற்குமேல் ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக்கும் இல்லை. குழியின் அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகிறது. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது 'எவ்வளவு இறங்கும்' என்பதல்ல. 'இறக்கிய பிறகு எவ்வளவு அசையும்' என்பதே.

இரண்டாவது கேள்வி ஸ்பிரிங்கின் விறைப்பு. ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பதே அதன் அளவு. சிறிய கார்களில் கம்பெனி ஸ்பிரிங் இரண்டு, இரண்டரை கிலோ அளவில் இருக்கும். பந்தயத்துக்கான செட்டில் ஆறு, எட்டு கிலோ ஸ்பிரிங் வரும். ஒரு முன் சக்கரம் 250 கிலோ சுமக்கிறது என்றால் இரண்டரை கிலோ ஸ்பிரிங் 100 மி.மீ. அமுங்கி நிற்கும். ஆறு கிலோ ஸ்பிரிங் 42 மி.மீ. மட்டுமே அமுங்கும். குழி வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடர வேண்டும் அல்லவா? விறைப்பான ஸ்பிரிங்கில் அந்த இறக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும், சுருள் தளர்ந்து 'டக்' என்று ஓசையிடும். இதற்காகவே சில செட்டுகளில் ஹெல்ப்பர் என்ற சின்ன ஸ்பிரிங்கைச் சேர்க்கிறார்கள். வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. கார் உயரும், அவ்வளவுதான். சாதாரணச் சுருளின் விறைப்பு மாறுவதில்லை.

மூன்றாவது கேள்வி உயரத்தை மாற்றும் விதம். மலிவான செட்டில் ஸ்பிரிங் உட்காரும் வளையம் மட்டுமே நகரும். இறக்கினால் அசைவு குறையும். நல்ல செட்டில் ஷாக்கின் அடிப்பகுதியே தனி மரையில் ஏறி இறங்கும். ஆகவே காரை இறக்கினாலும் ஷாக்கின் அசைவு பெரும்பாலும் காப்பாற்றப்படும். இன்னொரு விஷயம்: ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களின் பின்புறத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்கே வருவது பெயரளவில்தான் காயிலோவர்.

லட்ச ரூபாய் இல்லாதவர்கள் தேர்ந்தெடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கம்பெனி ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடுகிறார்கள். ஆறு சுற்றில் ஒன்று போனால் மீதிச் சுருள் 20 சதவீதம் விறைப்பாகிறது. ஷாக்கோ பழையதுதான், புதிய விறைப்பை அதனால் அடக்க முடியாது. அறுத்த முனை இருக்கையில் சரியாக உட்காராது. பெரிய குழியில் சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் இடம் விட்டு நழுவவும் கூடும். போதாதற்கு, அமுக்கிய நிலையில் ஸ்பிரிங்கைக் கழற்றுகிற மெக்கானிக்கின் கைக்கும் முகத்துக்கும் நேரே பல நூறு கிலோ விசை காத்திருக்கிறது. சரியான கம்ப்ரஸர் கருவி இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுப்பது பாவம்.

ஸ்ரீராம்புரம் இளைஞரின் கதைக்கு வருவோம். மாட்டிய இரண்டாவது மாதத்தில் முன்பக்கத்திலிருந்து 'டக் டக்' சத்தம் ஆரம்பித்தது. மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்ன மேடுகளில் மட்டும். முதல் ஒர்க்ஷாப்பில் மேல் மவுண்ட்டை மாற்றினார்கள். இரண்டாவதில் ஷாக் போய்விட்டது, புது செட் வாங்குங்கள் என்றார்கள். மூன்றாவது மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. ராஜாஜிநகர்ப் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கும் அவர் முதலில் காரை நிறுத்திவைத்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பச் சொன்னார். அப்போது 'டொய்ங்' என்று கேட்டால் மேல் மவுண்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கேட்கவில்லை. பிறகு ஷாக்கின் உடலைத் தடவிப் பார்த்தார். எண்ணெய் வழிந்திருந்தால் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். காய்ந்திருந்தது. வளையங்களின் பூட்டு இறுக்கமாக இருந்தது. கடைசியில் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. கார் இறங்கியதும் அதன் கோணம் மாறிப் பந்து மூட்டு தேய்ந்திருந்தது. லட்ச ரூபாய் செட்டின் மீது விழுந்த பழிக்குக் காரணம், சில நூறு ரூபாய் பாகம்.

அவர் செய்த அடுத்த காரியம் எல்லோரும் செய்யக்கூடியது. ஷாக்கின் பளபளக்கும் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, வழக்கமான பாதையில் ஒரு நாள் ஓட்டச் சொன்னார். மறுநாள் டை, ரப்பர் தடுப்பு அமுங்கும் எல்லைவரை தள்ளப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாளும் ஷாக் முட்டிக்கொண்டிருந்ததற்கு அதுவே சாட்சி. காரை 25 மி.மீ. ஏற்றினார்கள். இறுக்கும் குமிழ்களை முழுதாக இறுக்கி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே இடமும் வலமும் ஒரே அளவு தளர்த்தினார்கள். கீழ்க் கை புஷ்களின் போல்ட்டுகளைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது இறுக்கினார்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மென்ட். உயரம் மாறியும் இதைச் செய்யாதவர்களின் டயர் உட்பக்கமாகத் தேய்ந்து காட்டிக்கொடுக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் மரையிலுள்ள சேற்றைக் கழுவ வேண்டும். இல்லையென்றால் துரு பிடித்து வளையம் நகராது. அப்புறம் காயிலோவருக்குக் கொடுத்த பணத்துக்கு அர்த்தமில்லை.

பெயர் வேண்டாம் என்றதன் காரணம் சட்டம். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே படித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேரும் நாளில் இழப்பீட்டுக்கு இடைஞ்சலாகலாம். மாட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பத்து வருடம் ஓடிய காரில் கம்பெனி ஷாக்குகளும் புஷ்களும் மவுண்ட்டுகளும் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அவற்றைப் புதிதாக மாற்றினாலே கார் பிறந்த நாளில் இருந்த மாதிரி ஓடும். செலவு காயிலோவரில் ஒரு பகுதிதான். காயிலோவரால் வந்ததாகப் பலர் நினைக்கும் சுகத்தில் பாதி, பழைய பாகங்கள் போனதால் வந்த சுகம். இளைஞரும் இப்போது அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் காயிலோவரை விற்க மனமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே சிவப்புக் கார் அதே வேகத்தடையில் நேராக ஏறி, சத்தமில்லாமல் இறங்கியது. பின் சீட்டில் அம்மா இருந்தார். மல்லேஸ்வரம் போய்ச் சேரும்வரை முதுகைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மகனுக்கு அந்தச் சான்றிதழ் போதும்.