ரேடியேட்டரில் ஓர் இனிப்பு நஞ்சு

ஸ்போர்ட்ஸ் காராயினும், பெருநாளைக்கு உறவினர் வீடு செல்லும் குடும்பக் காராயினும், காரியாபட்டி வெயிலில் எஞ்சினைக் காப்பது கூலன்ட்தான். வெறும் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 107. மூடியின் அழுத்தம் அதனை மேலும் உயர்த்தும். சூடான ரேடியேட்டரைத் திறந்தால் அவ்வழுத்தம் நீங்கி, கொதிநீர் முகத்தில் பீறிடும். இரவு முழுதும் ஆறவிட்டுக் காலையில் திறப்பதே நன்று. கலப்பதற்கு உப்புப் படியும் போர் தண்ணீர் ஆகாது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.

கியர் எண்ணெயை வடிக்குமுன், நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். துருவேறி அது அசையாவிடில், எண்ணெயற்ற கார் நின்ற இடத்திலேயே நிற்கும்! ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் வேண்டாம்.

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டியது இதுவே: கூலன்ட் இனிக்கும், சாயமும் கண்ணைக் கவரும். மிச்சத்தைப் பழைய சர்பத் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நோன்பு துறக்கும் வேளையில் பிள்ளை அதனைச் சர்பத் என்றே எடுக்கும். உள்ளே சென்றால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே பறிக்கக்கூடிய நஞ்சு அது. முதலில் பிள்ளை நலமாகவே தோன்றலாம், ஏமாந்துவிடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் புட்டியுடன் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். மாற்று மருந்து உண்டு. தாமதித்தால் பயன் குறையும்.

வடித்த கூலன்டையும் எண்ணெயையும் கண்மாயிலோ கொல்லையிலோ கொட்டாமல், தனித்தனிக் கேனில் மூடி, பழைய எண்ணெய் வாங்கும் ஒர்க் ஷாப்பில் சேர்ப்பியுங்கள்.