சேமக்கலம் காத்தல்

கடலூர் முதுநகர், உப்பனாற்றின் கரையில் அமைந்த பழமையான துறைமுகம் ஆகும். அங்கும், சிதம்பரத்திற்குக் கிழக்கேயுள்ள முடசல் ஓடை முதலிய கடற்கரை ஊர்களிலும், ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் நாள் முதல் ஜூன் 14ஆம் நாள் வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் முட்டையிட்டு இனம் பெருக்கும் காலம் அஃது ஆதலின், அரசு மீன்பிடிப்பைத் தடை செய்துள்ளது. 2001ஆம் ஆண்டில் 45 நாளாகத் தொடங்கிய இத்தடை, 2017ஆம் ஆண்டு முதல் 61 நாளாக நீண்டது.

தடைக்காலத்தில் மீனவர் சோம்பியிருப்பதில்லை. வலைகளைச் செப்பனிடுவர், படகின் பழுதுபட்ட பலகைகளை மாற்றுவர், வண்ணம் தீட்டுவர், எந்திரத்தைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிடுவர். ஆயினும், எந்திரத்தின் அருகே ஒரு மூலையில் வாய் பேசாதிருக்கும் சிறு பெட்டி ஒன்றனை மறந்துவிடுதல் எளிது. தடை நீங்கிய நாளில் எந்திரம் கிளம்ப மறுக்கும்போதே அப்பெட்டியின் நினைவு வரும். அதுவே பேட்டரி. மின்னாற்றலைச் சேமித்து வைத்து வேண்டும்போது வழங்குவதால், நூலோர் அதனைச் சேமக்கலம் என வழங்குவர்.

ஈயத் தகடுகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை 1859ஆம் ஆண்டில் முதன்முதலில் அமைத்தவர், பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே என்பவர். அந்நாட்டவரான காமில் ஃபோர் என்பவர், தகடுகளின் மீது ஈயச் சேர்மத்தைக் களிம்பாகப் பூசும் முறையை 1881ஆம் ஆண்டில் கண்டார். அதனால் கலத்தின் கொள்ளளவு பெரிதும் மிகுந்தது. எனினும், மோட்டார் வண்டிகளை இரும்புக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பும் வழக்கமே நெடுநாள் நிலவிற்று. கைப்பிடி எதிர்த்துச் சுழன்று ஓட்டுநரின் கையை முறித்தலும் உண்டு. 1911ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சாரத்தால் இயங்கும் தொடக்கியை அமைத்த பின்னரே அத்துன்பம் தீர்ந்தது.

சேமக்கலத்தின் உள்ளமைப்பு யாது? பன்னிரண்டு வோல்ட்டுப் பேட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ இரண்டு வோல்ட்டு மின்னழுத்தம் தரும். நேர்த் தகட்டில் பழுப்பு நிறமான ஈயப் பெராக்சைடும், எதிர்த் தகட்டில் கடற்பஞ்சு போன்ற நுண்துளை ஈயமும் இருக்கும். அவை நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். கலம் மின்சாரம் தரும்போது இருவகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன; அமிலம் தன் வலிமை குன்றி நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது இம்மாற்றம் திரும்ப நிகழ்ந்து, தகடுகளும் அமிலமும் முன்னிலை எய்துகின்றன.

எந்திரத்தைக் கிளப்பும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் பல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். சில நொடிகளே ஆயினும் பெரிய மின்னோட்டத்தைத் தருவதற்கென அமைந்தது அது. அதனைக் கொண்டே இரவெல்லாம் விளக்கெரித்தால், முற்றும் வடிந்து விரைவில் கெடும். ஆகவே, விளக்கு முதலியவற்றிற்குத் தடித்த தகடுகள் கொண்ட வேறொரு பேட்டரியை வைத்துக்கொள்ளுதல் நன்று.

உழைக்கும் பொருள் தேயும், ஓய்ந்திருக்கும் பொருள் தேயாது என்பது பொதுவான எண்ணம். சேமக்கலத்தின் இயல்பு இதற்கு மாறானது. எந்திரம் ஓடும்போது, அதனோடு இணைந்த மின்னாக்கி, செலவழிந்த மின்சாரத்தை மீண்டும் ஏற்றிவிடுகிறது. எந்திரம் நின்றுவிட்டால் ஏற்றுவார் இல்லை. கம்பி எதனோடும் இணைக்கப்படாவிடினும், கலத்தின் உள்ளே வேதியியல் மாற்றம் மெல்ல நடந்துகொண்டே இருப்பதால் மின்னாற்றல் தானே குறைகிறது. வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் இவ்விழப்பு ஏறத்தாழ இருமடங்காகும். கத்திரி வெயில் காயும் மே மாதம் தடைக்காலத்தின் நடுவில் வருவது காண்க. படகு ஓய்ந்திருக்கும் நாட்களிலேயே பேட்டரி மிக விரைந்து இளைக்கிறது.

இளைத்த கலத்தை அப்படியே விட்டுவிட்டால் பெருங்கேடு விளையும். தகடுகளின் மேல் நுண்ணிய பொடியாய்ப் படிந்த ஈய சல்பேட்டு, நாளடைவில் பருத்த படிகங்களாகி இறுகும். இறுகியபின், மின்னேற்றினும் அது பழையபடி கரைவதில்லை. அவ்வளவிற்குக் கலத்தின் கொள்ளளவு என்றென்றைக்கும் குறைந்துபோகிறது. இதன் தீமை பணச் செலவோடு முடிவதன்று. நலிந்த பேட்டரி துறைமுகத்தில் எப்படியோ ஒருமுறை எந்திரத்தைக் கிளப்பிவிடலாம். கரை மறைந்த கடலில் எந்திரத்தை நிறுத்தி மீண்டும் கிளப்ப முயலும்போது அது கைவிட்டால், படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே செல்லும். விளக்கும் எரியாது; வானொலிக் கருவியும் பேசாது. படகிலுள்ளோர் உயிர் அப்பெட்டியில் அடங்கியிருக்கிறது எனின் மிகையாகாது.

கலத்தின் நிலையை அறிவது எங்ஙனம்? அமிலத்தின் ஒப்படர்த்தியைத் திரவமானியால் அளக்கலாம். நன்கு மின்னேறிய கலத்தில் அது ஏறத்தாழ 1.25 முதல் 1.28 வரை இருக்கும். வடிந்த கலத்தில் 1.12 அளவிற்குத் தாழும். ஆறு அறைகளுள் ஒன்று மட்டும் பெரிதும் தாழ்ந்திருந்தால், அவ்வறை பழுதுற்றது எனக் கொள்க. நீர் ஊற்ற வேண்டாத மூடிய பேட்டரிகளை வோல்ட்டுமானியால் சோதிக்கலாம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக் காட்டினால் நிறைவாக உள்ளது, 12.4 காட்டினால் மின்னேற்ற வேண்டும். 12 ஆயின் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது.

படகைக் கரையில் நிறுத்தியதும் செய்யத்தக்கன சில உள. முதலில் எதிர்முனைக் கம்பியையும், அடுத்து நேர்முனைக் கம்பியையும் கழற்றுக. மீண்டும் பூட்டும்போது நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் பூட்டுக. எதிர்முனை எந்திர உடலோடு இணைந்திருப்பதால், இம்முறை பிறழின் திருகுகோல் பட்டுத் தீப்பொறி எழலாம். உப்புக் காற்றால் முனைகளில் படியும் பூஞ்சணம் போன்ற வெண்பொடியை, ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுக. அந்நீர் அறைகளுக்குள் புகாவாறு மூடிகள் இறுக மூடியிருத்தல் வேண்டும். பின்னர், பேட்டரியை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்து, திங்களுக்கு ஒருமுறை மின்னேற்றுக. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே போதுமானது. 100 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு 10 ஆம்பியர் என்பது கணக்கு. ஒழுங்குபடுத்தும் கருவியோடு கூடிய சிறு சூரியத் தகடும் இப்பணியைச் செவ்வனே செய்யும்.

அறையில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுதல் வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். குறைவது நீரேயன்றி அமிலம் அன்று. ஆதலின் அமிலம் ஊற்றலாகாது. கடல்நீர் உள்ளே புகுமாயின் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளி தோன்றும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வளி வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும். ஆதலின், அவ்விடத்தில் தீக்குச்சி கொளுத்துதலும் புகைபிடித்தலும் கூடா. அமிலம் உடலில் பட்டால் உடனே மிகுதியான நீரால் கழுவுக. கண்ணில் பட்டால் கழுவிய பின் மருத்துவரை நாடுக. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும் நஞ்சாதலின், பழைய பேட்டரியை வீட்டில் உடைத்தல் தகாது. வாங்கிய கடையிலேயே ஒப்படைத்தல் முறை.

இம்முறைகள் படகுக்கு மட்டும் உரியன அல்ல. சிதம்பரம் வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்தபின் அறுவடை எந்திரங்கள் பல திங்கள் நின்றுவிடுகின்றன. கோடை விடுமுறையில் பள்ளிப் பேருந்துகள் நிற்கின்றன. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் ஊரடங்கு நேர்ந்தபோது, வீடுதோறும் வண்டிகள் நின்றன. மேனாடுகளில் வண்டியையே வீடாகக் கொண்டு உலாவுவோர், குளிர்காலம் முழுதும் அவ்வண்டிகளை நிறுத்தி வைப்பர். அங்குக் குளிர் இவ்விழப்பை மந்தப்படுத்தும். கடலூர்ப் பகுதியிலோ வெயில் அதனை விரைவுபடுத்தும். அதனால் இங்கு வேண்டுவது மிகுந்த விழிப்பு.

திங்களுக்கு ஒருமுறை அளந்து பார்த்தலும், குறைந்ததை நிறைத்தலும் சிறு செயல்களே. அவற்றைச் செய்தவன் ஜூன் 15ஆம் நாள் விடியலில் விசையைத் திருப்பியதும் எந்திரம் ஒரே முழக்கத்தில் உயிர்பெறும். அவன் கரைக்குத் திரும்பும் வழியையும் அச்சிறு செயல்களே காக்கின்றன.