பருத்தித் தூரில் ஒளிந்திருக்கும் புழு

காற்று பலமாக அடித்த மறுநாள் பருத்திக் காட்டில் சில செடிகள் தூரோடு ஒடிந்து கிடக்கும். ஒடிந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். தரைக்குச் சற்று மேலே தண்டு முடிச்சு விழுந்ததுபோல் புடைத்திருக்கும்.

அந்த வீக்கத்தைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தால், உட்திசுவைக் குடைந்து சுற்றிச் செல்லும் ஒரு பாதை தெரியும். அதற்குள் புழுவின் எச்சமும் மரத்தூளும் அடைத்திருக்கும். பாதையின் முனையில் வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக ஒரு புழு வளைந்து கிடக்கும். அதற்குக் கால்களே இல்லை. சுற்றிலும் உணவு இருக்கும்போது அது எங்கும் நடக்க வேண்டியதில்லை.

இதுதான் தண்டுக்கூன் வண்டின் இளம்பருவம். அறிவியல் பெயர் பெம்பெருலஸ் அஃபினிஸ். தாய் வண்டு சிறியது, கரும்பழுப்பு நிறம். முன்சிறகுகளில் இரண்டு வெண்திட்டுகள் இருக்கும். இளஞ்செடியின் தண்டில் குழி பறித்து அதில் முட்டையிடும். முட்டை 6 முதல் 10 நாளில் பொரியும். அதன்பின் 35 முதல் 57 நாள் வரை புழு தண்டையே தின்று வளரும். கூட்டுப்புழுவாவதும் அதே வீக்கத்துக்குள்தான். அந்தப் பருவம் 9 முதல் 12 நாள். ஆக, ஏறக்குறைய இரண்டு மாதம் இந்தப் பூச்சி நம் கண்ணில் படாது. இலைமேல் தெளிக்கும் மருந்து இதை எட்டாமல் போவதும் இதனால்தான்.

புழு குடையக் குடைய, காயத்தைச் சுற்றிச் செடி புதுத் திசுவை வளர்க்கிறது. அதுவே வீக்கமாகத் திரள்கிறது. பருமனாகத் தெரிந்தாலும் அந்த இடத்தில் வலு இருக்காது. இளஞ்செடி காய்ந்துவிடும். தப்பிய செடி நோஞ்சானாக நின்று, காற்றில் ஒடியும்.

எனவே முட்டை விழும் முன்பே காப்பதுதான் வழி. அடியுரத்தோடு ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடலாம். தூரை மூடி மண் அணைப்பது மிக அவசியம், அதைத் தள்ளிப்போடவே கூடாது. வெண்டையையும் இது தாக்கும் என்பதால் பக்கத்து வயலிலும் ஒரு கண் இருக்கட்டும்.

சென்னை மாகாணத்தில் 1919-இல் வந்த வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தின்கீழ், கம்போடியா ரகப் பருத்தியைக் குறித்த தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்றே உத்தரவு இருந்தது. அறுவடை முடிந்தும் பருத்திமாரை வயலில் விட்டுவைத்தால், உள்ளே எஞ்சியிருக்கும் புழுக்கள் வளர்ந்து வண்டாகி அடுத்த பயிருக்குப் போய்விடும்.