உறைபனியில் தேயிலை ஏன் கருகுகிறது?

ஜனவரி விடியலில் ஊட்டிக்கு அருகே தலைகுந்தா புல்வெளியைப் பார்த்திருக்கிறீர்களா? உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளை. பிப்ரவரியிலும் இந்த உறைபனி உண்டு. அந்தக் குளிரில் தேயிலை தீயில் வாட்டியதுபோல் கருகுவது எப்படி?

மேகம் பூமிக்குப் போர்வை. அது இல்லாத இரவில் நிலத்தின் சூடு வானுக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டுச் செடி தப்பும், பள்ளத்துச் செடி மாட்டிக்கொள்ளும்.

வெள்ளரிக்காயை ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் பாருங்கள். தொளதொளத்து நீர் விடும். உள்ளிருந்த நீர் உறைந்து திசுவைக் கிழித்துவிட்டது. கொழுந்திலும் அதேதான், வெயில் ஏறியதும் காய்ந்து கருகும். பறிக்க இருந்த கொழுந்து ஒரே இரவில் போனால் வயிறு எரியாதா?

அதனால்தான் மாலையிலேயே செடிமேல் இலைதழையைப் பரப்புகிறார்கள். காய்கறித் தோட்டத்தில், வெயில் படுமுன் ஸ்பிரிங்லரைத் திறந்து பனியைக் கழுவிவிடுகிறார்கள்.