ஓடுபாதைக்கு அடியில் ஓடும் தண்ணீர்

2022-ல் சில மாதங்கள் திருவள்ளூர்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் விமான நிலையப் பேச்சுதான். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் கட்ட இடம் தேடியவர்கள் படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என்று நான்கு ஊர்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டை மட்டும் கையில் வைத்திருந்தார்கள். பன்னூர் திருவள்ளூர் மாவட்டம், பரந்தூர் காஞ்சிபுரம் மாவட்டம். அந்த ஆகஸ்டில் பரந்தூர்தான் என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. மனை விலை ஏறும் என்று காத்திருந்தவர்களைத் தவிர, பன்னூரில் அதற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை.

பரந்தூரைத் தேர்ந்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, பன்னூரில் வீடுகள் அதிகம், பரந்தூரில் குறைவு என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துச் சமவெளியில் வீடு நெருங்காத பெரிய பரப்பு ஒன்று இருக்கிறதென்றால், அது ஏரியாக இருக்கும், இல்லாவிட்டால் ஏரி பாயும் வயலாக இருக்கும். திட்டத்துக்குக் கேட்கும் 5,746 ஏக்கரில் பட்டா நிலம் 3,774 ஏக்கர் போக மிச்சம் 1,972 ஏக்கர் அரசு நிலம். அந்த அரசு நிலத்தில் பெரும்பகுதி ஏரியும் வாய்க்காலும்தான். மொத்தப் பரப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நீர்நிலை என்று திட்டத்தின் ஆவணங்களே சொல்கின்றன. வீட்டை எண்ணிய கோப்பு, தண்ணீரைக் காலி இடமென்று எண்ணிவிட்டது. இந்த விவகாரம் முழுக்க அந்த எண்ணிக்கையில்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம். இழப்பீட்டுத் தொகை, அரசு வேலை, மாற்று வீடு எல்லாம் அதற்குப் பிறகு வந்த பேச்சு.

முன்பு அந்த நிலம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் இது விளங்கும். பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் போய் விழுவது கம்பன் கால்வாய். பல்லவர் காலத்துக் கம்பவர்மன் வெட்டியது என்று சொல்வார்கள். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கலில் வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. கலங்கலின் மட்டம்தான் அங்கே சட்டம். அதை ஒரு சாண் ஏற்றிக் கட்டினால் மேல் ஊர் வயல் மூழ்கும், ஒரு சாண் இறக்கினால் தன் ஊருக்கே மூன்றாம் போகம் கிடையாது. சொர்ணவாரியா, சம்பாவா, நவரையா, எந்தப் பட்டத்துக்கு எத்தனை மதகு திறப்பது என்பதெல்லாம் அந்த மட்டத்தை வைத்துத்தான். ஊருக்கு ஊர் நீர்க்கட்டி இருந்தார். கரையைப் பார்ப்பதும், மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. கூலி நெல்லாக வந்தது. அனுமதி வேண்டுமென்றால் மேல் ஊர்க்காரரிடமும் கீழ் ஊர்க்காரரிடமும் கேட்க வேண்டும், சண்டை போட்டாவது கேட்க வேண்டும். அது சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. கடைமடைக்காரருக்கும் காலனிக்காரருக்கும் அந்த ஏற்பாட்டில் கடைசிப் பங்குதான். ஆனாலும் தண்ணீரைத் தொடுகிறவர், அதனால் பாதிக்கப்படுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் விமானத்துக்கு வேண்டியிருந்தது சொற்பம். 1932 அக்டோபரில் டாட்டாவின் முதல் தபால் விமானச் சேவை கராச்சியில் கிளம்பிச் சென்னையில் முடிந்தது. ஓடியது பஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் விமானம். அதற்கு ஒரு கட்டாந்தரை போதும். சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையம் வளர வளரத்தான் இடம் போதாமல் போனது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் நகரம், ஒரு பக்கம் அடையாறு. மலையையும் நகரத்தையும் நகர்த்த முடியாது. எனவே ஆறு விட்டுக்கொடுத்தது. இரண்டாம் ஓடுபாதையை நீட்டுவதற்காக, ஆற்றின் குறுக்கே தூண் நிறுத்திப் பாலம் போட்டு, பாலத்தின் மேல் ஓடுபாதை போட்டார்கள்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். ஆதனூர், தாம்பரம் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. அடையாறு விமான நிலையத்துக்குள் வந்தது. இறக்கை வரை நனைந்து நின்ற விமானங்களின் படம் இன்னும் பலருக்கு ஞாபகமிருக்கும். பல நாள் நிலையம் மூடியிருந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மறுபடி மூடினார்கள். கொச்சியிலும் இதே கதைதான். 2018 ஆகஸ்டில் நெடும்பாசேரி நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அங்கே ஓடுபாதை வழிமறித்த ஓடையின் பெயர் செங்கல் தோடு.

இப்போது வரைபடத்தை விரித்து, விரலை ஓட்டிப் பாருங்கள். பரந்தூர்ப் பக்கத்துத் தண்ணீர் கம்பன் கால்வாய் வழியாக ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு வருகிறது. அது நிரம்பி வழிந்தால் செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கம் வழிந்தால் அடையாற்றுக்கு. அடையாறு, மீனம்பாக்கத்து ஓடுபாதைக்கு அடியில். பழைய விமான நிலையம் இந்தத் தண்ணீரின் வாலில் உட்கார்ந்திருக்கிறது, புதியது தலையில் உட்காரப் போகிறது. பரந்தூரில் இன்று தங்கி நிற்கும் மழைநீர் நாளைக்குத் தங்க இடமில்லாமல் சீக்கிரமாகக் கீழே இறங்கினால், அதை வாங்கிக்கொள்ளப் போவது எந்த ஊர் என்பதை அடையாற்றங்கரைக்காரர்கள் இன்னும் தங்கள் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. பரந்தூர் என்றால் திட்டத்துக்கு நிலம் கேட்கப்படும் ஏகனாபுரத்துக்காரர் பாடு என்று நினைக்கிறார்கள்.

ஏகனாபுரம் 2022-லிருந்து இரவு இரவாக உட்கார்ந்து போராடியது. கிராம சபைத் தீர்மானங்கள், 2024 மக்களவைத் தேர்தல் புறக்கணிப்பு, போராட்டம் 900 நாளைத் தாண்டிய பிறகு 2025 ஜனவரியில் நடிகர் விஜய்யின் வருகை எல்லாம் செய்தித்தாளில் வந்தவைதான். காகிதங்களும் நகர்ந்தன. 2024-ல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் இட அனுமதி, 2025 ஏப்ரலில் கொள்கை அளவிலான ஒப்புதல்.

காகிதம் என்றால் என்னென்ன காகிதம்? 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி விமான நிலையம் மத்திய அரசு பார்க்க வேண்டிய பட்டியலில் வருகிறது. ஆய்வு அறிக்கை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம், நிபுணர் குழு, பிறகு அனுமதி. இது தவிர 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி வாரியத்தின் இசைவாணை. கும்மிடிப்பூண்டி, மணலி பக்கம் இந்தக் காகிதத்தைத் தெரியாதவர் குறைவு. கழிவுநீர் எவ்வளவு, சுத்திகரிப்பு எப்படி, எங்கே விடுவாய் என்று கேட்கும் காகிதம் அது. நீ உட்கார்ந்திருக்கும் ஏரி எங்கே போயிற்று என்று கேட்க அதில் கட்டம் கிடையாது.

அந்தக் கேள்விக்கென்று வந்தது தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். 2023 ஏப்ரலில் பேரவையில் விவாதமில்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டத்துக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால், நிபுணர் குழு பார்த்துத் திட்டம் போட்டு, நீரோட்டம் தடைபடாமலும் கொள்ளளவு குறையாமலும் ஒருங்கிணைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பரந்தூருக்கென்றே, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் நீரியல் பார்க்க ஒரு குழுவும் போட்டார்கள். கால்வாயைத் திருப்பி விடலாம், ஏரிகளைக் கூடுமானவரை காக்கலாம் என்பது அரசுத் தரப்பு.

கொள்ளளவு என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். ஏரியை இத்தனை கன அடித் தண்ணீர் என்று அளக்கலாம், தப்பில்லை. ஆனால் ஏரியின் உபயோகம் அதன் உயரத்தில் இருக்கிறது. ஏரி வயலுக்கு மேலே இருப்பதால்தான் மதகைத் திறந்ததும் தண்ணீர் தானாக இறங்குகிறது, மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஓர் ஏரியை மூடிவிட்டு, அதே கொள்ளளவுக்கு இன்னோர் ஏரியை ஆழமாகத் தோண்டினால் கணக்கு நேராகிவிடும். மதகுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. சங்கிலியில் அடுத்த ஏரிக்கும் போகாது.

ஓடுபாதையின் குணமும் இதற்கு ஒத்துவராது. பெரிய விமானம் இறங்கும் பாதையில் நீளவாக்கில் சரிவு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது உலக விதி. பெய்த மழை உடனே பக்கவாட்டில் வடிந்துவிட வேண்டும். கிலோமீட்டர்க் கணக்கில் சமமாக மேடுகட்டிய நிலம், தண்ணீரைப் பொறுத்தவரை மதகில்லாத ஒரு கரை. அடியில் குழாய் வைக்கலாம்தான், எத்தனை, எந்த மட்டத்தில் என்பதுதான் வழக்கு. சரி, ஏரியை வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் கொக்கும் நாரையும் வரும். பறவை மோதி விபத்து வரும் என்பதால் ஓடுபாதைப் பக்கத்தில் திறந்த தண்ணீர் நிற்பதை விமானத்துறை விரும்புவதில்லை. ஏரியைக் காப்போம் என்று ஒரு துறை எழுதிக் கொடுப்பதை, இன்னொரு துறை பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி வற்ற வைக்கலாம்.

அமெரிக்காவில் சியாட்டில்-டகோமா விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை இதே மாதிரிச் சிக்கிக்கொண்டது. சதுப்பு நிலத்தையும் சிற்றோடைகளையும் தொட வேண்டியிருந்தது. அங்கே நீர்த்தரத்துக்கென்று தனிச் சான்று உண்டு, மாநிலச் சூழலியல் துறை அதைக் கொடுக்காவிட்டால் மத்திய அனுமதி நகராது. 2001-ல் சான்று கிடைத்தது. சுற்றியிருந்த நகரங்கள் முறையீட்டு வாரியத்துக்குப் போயின. வாரியம் 2002-ல் நிபந்தனைகளைக் கூட்டியது. மாநில உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்புச் சொல்லி, 2008-ல்தான் ஓடுபாதை திறந்தது. ஓடுபாதை நிற்கவில்லை, கட்டித்தான் முடித்தார்கள். ஆனால் மேடுகட்டக் கொண்டுவரும் மண் சுத்தமான மண்தானா, அதிலிருந்து ஊறி ஓடைக்கு எது வரும் என்பதே அங்கே பெரிய வாதமாக இருந்தது.

மண் என்றதும் மறுபடி திருவள்ளூர்தான் ஞாபகம் வருகிறது. சென்னையைச் சுற்றி எந்தப் பள்ளத்தை நிரப்பவும் சவுடு மண் லாரிகள் கிளம்புவது இந்த மாவட்டத்து ஏரிகளிலிருந்துதான். தூர்வாருவது என்று பேர். பன்னூர் தப்பித்திருக்கலாம், பரந்தூரை மேடாக்க எந்த ஏரியின் மண் போகும் என்பது இன்னும் பேசப்படாத விஷயம். பன்னூருக்குப் பக்கத்து மப்பேட்டில் 184 ஏக்கரில் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. வடக்கே தேர்வாய் கண்டிகையில் இன்னும் விசித்திரம். ஊரார் மேய்க்காலாகவும் ஏரிகளுக்கு நீர்ப்பிடிப்பாகவும் வைத்திருந்த நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போய், டயர் தொழிற்சாலை வந்தது. அதே ஊர்ப்பெயரில், கண்ணன்கோட்டையையும் சேர்த்து, சென்னைக்குக் குடிநீர் தர 500 மில்லியன் கன அடி நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறந்தார்கள். நீர்ப்பிடிப்பைக் கொடுத்த ஊரிடமே நீரையும் கேட்டார்கள்.

இரண்டாவது விமான நிலையம் வேண்டாம் என்று சொல்ல நான் ஆளில்லை. மீனம்பாக்கத்தில் ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் பயணிகள் போய்வருகிறார்கள், அங்கே இனி நீட்ட ஆறுகூட மிச்சமில்லை. கேட்பது ஒன்றுதான்: நீரியல் அறிக்கை கருத்துக்கேட்புக்கு முன்னாலேயே ஊருக்கு வர வேண்டும், ஏரிவாரியாக, கலங்கல் மட்டமும் மதகு மட்டமும் போட்டு, திருப்பிவிடும் கால்வாயின் மட்டத்தையும் பக்கத்தில் எழுதி. அதைப் படித்துச் சரி பார்க்கக்கூடிய கிழவர்கள் அந்த ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். இப்போதுள்ள விதிப்படி கூட்டத்துக்கு முன் தமிழில் தர வேண்டியது அறிக்கையின் சுருக்கம் மட்டும்தான், கலங்கல் மட்டமெல்லாம் சுருக்கத்தில் வராது.