பத்து மாதப் பிள்ளைக்கு யார் ஊட்டுவது?

காலை மணி ஏழே கால். சூலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது.

சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்ட அந்தத் தாய் வாசல் வழியாகப் போகவில்லை. புறக்கடை வழியாகப் பூனை போல நழுவுகிறாள். ஏன் தெரியுமா? கூடத்தில் அவளுடைய பத்து மாதக் குழந்தை சொம்பை உருட்டி விளையாடிக்கொண்டிருக்கிறது. அம்மா போவதைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது!

ஆனாலும் வண்டி நகர்ந்த மறு நிமிஷம் குழந்தைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. வீறிட்டு அழுகிறது.

"அழுவாதே சாமி! அம்மா பொழுதோட வந்துரும். இந்தா, ஒரு வாய் வாங்கிக்கோ தங்கம்" என்று அப்பத்தா கிண்ணத்துடன் வருகிறாள். குழந்தை உதட்டை இறுக மூடிக்கொள்கிறது. கிண்ணத்தில் இருப்பது ஆறிப் போகிறது.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இது ஏதோ ஒரு வீட்டுக் கதையல்ல. நூல் மில், பனியன் கம்பெனி, விசைத்தறி, கோழிப் பண்ணை, தோட்டம் என்று பெண்கள் வேலைக்குப் போகும் வீடுகளில் எல்லாம் அன்றாடம் நடப்பதுதான். கைக்குழந்தையாக இருந்தவரை கிடந்த இடத்தில் கிடந்த பிள்ளை, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஆளே மாறிவிடுகிறது. அப்போது தொடங்கி முதல் பிறந்த நாள் வரையிலான மூன்று நான்கு மாதங்கள், பெற்றவளுக்குப் பிரசவத்தைவிடப் பெரிய சோதனை என்றால் மிகையாகாது.

யார் கண் பட்டதோ!

"எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் போன பிள்ளை, இப்போது பக்கத்து வீட்டுக்காரியைக் கண்டாலே அலறுகிறதே, யார் கண் பட்டதோ!" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிற வீடுகள் உண்டு. சுற்றிப் போடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் காரணம் கண்ணேறு அல்ல, வளர்ச்சி.

நாலைந்து மாதக் குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரியாத பொருள் இல்லாத பொருள். பந்தைத் துணியால் மூடினால் தேடாது. எட்டு ஒன்பது மாதத்தில் அறிவு ஒரு படி ஏறுகிறது. மறைந்த பந்து துணிக்கடியில் இருக்கிறது என்று தெரிகிறது. அதே போல, கண்ணுக்குத் தெரியாத அம்மாவும் எங்கேயோ இருக்கிறாள் என்பது தெரிகிறது. எங்கே இருக்கிறாள், எப்போது வருவாள் என்பது மட்டும் தெரிவதில்லை. அழாமல் என்ன செய்யும்?

புறக்கடை வழியாக நழுவுவது அந்த நிமிஷத்துக்குச் சௌகரியம். அம்மா எந்த நேரத்திலும் மாயமாகிவிடுவாள் என்ற பயத்தைத்தான் அது வளர்க்கிறது என்பது குழந்தை மருத்துவர்களின் கருத்து. முகத்தைக் காட்டி, முத்தம் கொடுத்து, தினமும் அதே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதே மேல். அழுகை இருக்கும். நாளாக நாளாக அது அடங்கும். துண்டால் முகத்தை மூடித் திறந்து காட்டும் விளையாட்டை நம் பாட்டிமார் வெறும் பொழுதுபோக்காகவா கண்டுபிடித்தார்கள்? மறைந்தது திரும்பி வரும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

எடை ஏறவில்லையே!

அடுத்த கவலை, சாப்பாடு. "எதுவுமே தின்ன மாட்டேன்கிறது" என்ற புலம்பல் கேட்காத குழந்தை மருத்துவர் இல்லை.

இதில் பாதி வீண் பயம். பிறந்த முதல் மூன்று மாதங்களில் குழந்தை மாதம் முக்கால் கிலோவுக்கு மேல் ஏறுகிறது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு மாதம் சுமார் கால் கிலோ ஏறினாலே போதும். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஆண்டு நிறைவில் ஒன்பது கிலோவை நெருங்கினால் சரியான வளர்ச்சி. வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. இதை அறியாமல் குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டு, சங்கைத் திணித்து ஊற்றுவது சில வீடுகளில் இன்னமும் நடக்கிறது. புரை ஏறினால் ஆபத்து. ஆபத்து இல்லாவிட்டாலும், கிண்ணத்தைக் கண்டாலே குழந்தை ஓட்டம் பிடிக்கும்.

மீதிப் பாதி வீண் பயமல்ல. தாயிடமிருந்து வாங்கி வந்த இரும்புச் சத்து ஆறு மாதத்தோடு தீர்ந்து வருகிறது. இந்த வயதில் தாய்ப்பால் தேவையில் பாதியைத் தரும். மற்றப் பாதி கிண்ணத்திலிருந்துதான் வர வேண்டும். எட்டுக் கிலோக் குழந்தையின் வயிறு கொள்வதோ ஏறத்தாழ ஒரு டம்ளர்! அந்த ஒரு டம்ளர் இடத்தைக் கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் அடைத்துக்கொண்டால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. டீயில் தோய்த்த வர்க்கியைச் சொல்லவே வேண்டாம். டீ, உணவில் இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

1980-ல் உலக வங்கி உதவியுடன் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதில் ஒரு நல்ல வழியைக் காட்டியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தார்கள். குழந்தை எலும்பும் தோலும் ஆகும்வரை காத்திருக்கவில்லை. எடை ஏறாமல் நின்றால் உடனே சத்துருண்டை. தாய்மார்கள் மனத்தில் வைக்க வேண்டியதும் அதுதான். ஒரு நாள் சாப்பிடாததைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இரண்டு மாதம் தராசு முள் அசையாவிட்டால் கவலைப்பட வேண்டும்.

கோவையில் பிறந்த அமுது

அப்படியானால் கிண்ணத்தில் என்ன இருக்க வேண்டும்? இதற்கு விடை தேடிக் கொங்கு நாட்டார் வெளியூர் போக வேண்டியதில்லை.

கோவையில் 1957-ல் தொடங்கப்பட்டது அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி. இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு உயிர் கொடுத்தவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் (1919–2002). 1992-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரும் அவருடைய குழுவினரும் 1970-களில் ஒரு மாவை உருவாக்கினார்கள். பெயர் 'குழந்தை அமுது'.

அதில் என்ன அதிசயச் சரக்கு? ஒன்றுமில்லை! வறுத்த சோளம் அல்லது மக்காச்சோளம் அல்லது ராகி, வறுத்த பாசிப்பயறு, வறுத்த நிலக்கடலை, வெல்லம். அவ்வளவுதான். கொங்கு நாட்டுப் புன்செய்க் காட்டில் விளைவதும், எந்த வீட்டு அடுக்களையிலும் இருப்பதும்.

ஆனால் சேர்க்கையில் சூட்சுமம் இருக்கிறது. தானியப் புரதத்தில் ஒரு குறை உண்டு. பயற்றில் அது நிறைய உண்டு. பயற்றில் குறைவது தானியத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்புகிறது. கடலை கொழுப்பைத் தருகிறது. சின்ன வயிற்றுக்குள் நிறையச் சக்தியை அடக்க அதுவே வழி. ராகியின் சுண்ணாம்புச் சத்து பாலைவிட இரு மடங்குக்கும் மேல். டப்பா உணவு வாங்க வசதியில்லையே என்று ஏழைத் தாய் ஏங்க வேண்டியதில்லை என்று காட்டியது அந்த மாவு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான டப்பா உணவு விளம்பரங்களை 1992-ம் ஆண்டுச் சட்டமும் 2003-ம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்தது பிற்காலத்துக் கதை.

இன்றைய மருத்துவர்கள் அந்தக் கலவையில் ஒரு திருத்தம் சொல்வார்கள். ஒரு வயது வரை வெல்லம், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைத் தள்ளியே வைப்பது நல்லது. இனிப்பில் பழகிய நாக்கு மற்றதைத் துப்பும். தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷம் ஒரு வயதுக்குட்பட்ட சிசுவின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்துவிடும். நாக்கில் தேன் தடவும் பாட்டிமார் மன்னிக்க வேண்டும்!

இன்னொரு பழைய கைப்பக்குவம் உண்டு. ராகியை ஊற வைத்து, முளை கட்டி, உலர்த்தி, வறுத்து அரைப்பது. முளை கட்டிய மாவில் கிளறிய கூழ் பசை போல இறுகாது. அதனால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைக் கரைக்கலாம். பல் முளைக்காத பிள்ளையும் விழுங்கும்.

அவசரத்துக்கு அதுவும் முடியாதா? வீட்டுக்கு ஆக்கும் அரிசியும் பருப்பும் சாதத்தில், உப்பும் மிளகாயும் போடும் முன்பே ஒரு கரண்டி தனியே எடுத்துக் குழைய வேக வையுங்கள். நெய் விட்டுப் பிசையுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் இருக்க வேண்டும். பிள்ளைக்கு விருந்து தயார்.

நேரம் எங்கே?

மாவு இருக்கிறது. பக்குவம் தெரியும். பிறகு ஏன் கிண்ணம் ஆறிப் போகிறது?

ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவு, நடுவில் ஒன்றிரண்டு தடவை சிறு தீனி. ஒரு வேளைக்கு அரை மணி வைத்தாலும் இரண்டு மணி நேரம்! காக்கை காட்டி, குருவி காட்டி, பாட்டுப் பாடி, துப்பியதைத் துடைத்து ஊட்ட வேண்டும். ராகியும் பயறும் கடையில் கிடைக்கும். இந்த இரண்டு மணி நேரம் எந்தக் கடையில் கிடைக்கும்?

சட்டம் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. 1976-ல் அது 30 ஆகக் குறைந்தது. 1961-ல் வந்த மகப்பேறு உதவிச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தாய்க்கு நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2017-ல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேர் வேலை செய்யும் இடங்களில் காப்பகமும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமையும் அப்போது வந்தன.

நல்லதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 26 வாரம் என்பது ஆறு மாதம். பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துக்கொண்டால் மிச்சம் நாலு மாதம் சொச்சம். தாய்ப்பால் மட்டும் போதும் என்கிற காலம் முடிந்து, கிண்ணமும் கரண்டியும் தொடங்கும் நேரத்தில் அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்! பத்துத் தறி ஓடும் கொட்டகைக்கும், இருபது பேர் தைக்கும் கம்பெனிக்கும் இந்தக் காப்பக விதி எட்டாது. களை எடுக்கப் போகிறவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதேயில்லை.

அங்கன்வாடி கைகொடுக்கிறது. ஆனால் பாதி தூரம்தான். இந்த வயதுக் குழந்தைக்குச் சத்துமாவு தருகிறார்கள், எடை பார்க்கிறார்கள். பகல் முழுதும் வைத்துக்கொண்டு ஊட்டுவது இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். பொட்டலம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. அதைக் கிளறி ஊட்டும் கை வேண்டுமே! அந்தக் கை, பெரும்பாலும் முட்டி வலியோடு முனகும் அப்பத்தாவின் கை. தவழும் பிள்ளையின் பின்னால் அவள் எத்தனை தூரம் ஓடுவாள்?

தவழும் கால், தேடும் கை

ஓடத்தான் வேண்டியிருக்கிறது. பத்து மாதத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இடுக்கி போல வேலை செய்யத் தொடங்குகின்றன. தரையில் கிடக்கும் எதுவும் தப்பாது. புளியங்கொட்டை, காசு, பொத்தான், பொம்மைக்குள் இருக்கும் பட்டன் பாட்டரி! கடலைக்காய் உரிக்கிற பருவத்தில் நம் ஊர்த் திண்ணைகளில் விசேஷ ஜாக்கிரதை தேவை. முழுக் கடலை மூச்சுக் குழாயில் சிக்கினால் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். பொடித்த கடலை அமுது. முழுக் கடலை எமன். தண்ணீர் வாளியும் அப்படித்தான். ஒரு சாண் தண்ணீர் போதும்.

உட்கார்ந்து உருளும் சக்கர வாக்கரை வாங்கித் தருவது இப்போது நாகரிகம். அது நடக்கக் கற்றுத் தருவதில்லை, படியில் உருட்டிவிடுகிறது. கனடா நாடு 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. தச்சர் செய்து கொடுக்கும் பழைய மர நடைவண்டி வேறு வகை. குழந்தை தன் காலில் நின்று தானே தள்ள வேண்டும். ஆள் பக்கத்தில் இருந்தால் இன்றும் குற்றமில்லை.

மாமன் மடியும் ஊசியும்

கொங்கு நாட்டில் ஆண்டு நிறைவதற்குள் காது குத்து வைத்துவிடும் வீடுகள் ஏராளம். குலதெய்வம் கோயிலில் மொட்டை, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்து, சீர் வரிசை, கிடா விருந்து. ஒற்றைப்படை மாதம் பார்த்து, பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு எல்லாம் நடக்கிறது.

அதே ஒன்பதாம் மாதத்தில் இன்னொரு ஊசியும் இருக்கிறது. தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி. கூடவே வைட்டமின் ஏ சொட்டு மருந்து. தமிழகத்தில் இந்தக் கூட்டு ஊசி 2017-ல் அறிமுகமானது. தட்டம்மை கண்ட குழந்தை வாரக்கணக்கில் சாப்பிடாது. அரும்பாடுபட்டு ஏற்றிய எடை ஒரே காய்ச்சலில் கரைந்துவிடும். முகூர்த்த நாளை மூன்று ஜோசியரிடம் கேட்கும் குடும்பம், ஊசி நாளைக் கிராமச் செவிலியர் வந்து ஞாபகப்படுத்தும்வரை மறந்திருப்பதுதான் வேடிக்கை. மாமன் மடியில் உட்காரும் முன்பே இந்த ஊசியைப் போட்டுவிடலாம்.

மாலை மணி ஏழாகப் போகிறது. சூலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கம்பெனி வண்டி வந்து நிற்கிறது. ஹாரன் சத்தம் கேட்டதும் கூடத்துக் குழந்தை நாலு காலில் பாய்ந்து வாசற்படிக்கு வந்துவிடுகிறது.

"ஏனுங்க அத்தை, மத்தியானம் தின்னுச்சுங்களா?" – தூக்கைக் கீழே வைக்கும் முன்பே கேள்வி.

"நாலு வாய் வாங்குச்சு அம்மிணி. அஞ்சாவதைத் துப்பிருச்சு."

கை கால் கழுவிக்கொண்டு வந்து, ராகிக் கூழைக் கிண்ணத்தில் போட்டு, குழந்தையை எதிரே உட்கார வைத்துக்கொள்கிறாள் தாய். கரண்டியைத் தட்டிவிட்டு, கிண்ணத்துக்குள் ஐந்து விரலையும் விட்டு அள்ளுகிறது பிள்ளை. பாதி தலையில், பாதி வாயில். அவள் தடுக்கவில்லை.

"நாளைக்கு வாசல் வழியாவே சொல்லிட்டுப் போறேனுங்க அத்தை" என்கிறாள். அப்பத்தா தரையைத் துடைக்கத் துணி தேடிப் போகிறாள்.