நிலத்தை ஒத்தி வைக்குமுன் வேலை அனுமதியைப் பாருங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் மானாவாரி வெள்ளாமை ஒரு போகம்தான். ஐப்பசி மழையை நம்பி விதைத்த சோளம், உளுந்து, மல்லி எல்லாம் தை, மாசிக்குள் வீடு வந்துவிடும். பருத்தி மட்டும் சற்றுப் பிந்தும். அதன் பிறகு கண்மாயிலும் தண்ணீர் இராது, காட்டிலும் வேலை இராது. வெளிநாட்டுக்குப் போகலாமா என்று வீட்டுக்கு வீடு பேச்சு எழுவது இந்தச் சமயத்தில்தான்.

பழைய ராமநாதபுரம் ஜில்லாவுக்கு இது புதிதல்ல. கங்காணியின் பின்னால் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். அன்று கங்காணியிடம் வாங்கிய முன்பணமே ஆளைத் தோட்டத்தோடு கட்டிப் போட்டது. இன்று அந்தக் கடன் ஊரிலேயே தொடங்குகிறது. இரண்டு ஏக்கர் கரிசலை ஒத்தி வைத்தோ, நகையை அடகு வைத்தோ ஏஜெண்டிடம் பணம் கட்டுகிறார்கள். பணம் கைமாறுமுன் பார்க்க வேண்டிய காகிதத்தைப் பலர் விமானம் ஏறும் அன்றுதான் பார்க்கிறார்கள்.

விசா வேறு, வேலை அனுமதி வேறு. விசா என்பது ஒரு நாட்டுக்குள் நுழைவதற்கு. வேலை அனுமதி என்பது இன்ன முதலாளியிடம், இன்ன வேலையை, இத்தனை காலம் செய்யலாம் என்பதற்கு. சுற்றுலா விசாவில் இறங்கிவிட்டால் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்பவே கூடாது. மலேசியா 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இன்றி வந்து போகச் சலுகை அளித்தது. அது ஊர் பார்க்க வருபவருக்கு உரியது. அதை வைத்துக்கொண்டு ஓட்டலிலோ தோட்டத்திலோ வேலை செய்து பிடிபட்டால் அபராதமும் சிறையும் உண்டு.

அடுத்து, தொழில் என்ன என்று எழுதியிருக்கும் வரி. விவசாயிகள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். "தோட்ட வேலை, செடிக்குத் தண்ணீர் விட்டால் போதும்" என்று வாயால் சொல்லியிருப்பார்கள். காகிதத்தில் 'ராயி' என்று இருந்தால் மேய்ப்பவர் என்று பொருள். பாலைவனத்தில் ஆடோ ஒட்டகமோ மேய்க்க வேண்டும். 'ஆமில் மன்ஸிலி' என்றால் வீட்டு வேலையாள். குவைத்தில் 18-ஆம் எண் விசா தனியார் நிறுவன வேலைக்கு, 20-ஆம் எண் வீட்டு வேலைக்கு. வளைகுடா நாடுகள் பலவற்றில் வீட்டு வேலையாள் பொதுவான தொழிலாளர் சட்டத்துக்குள் வருவதில்லை. அவருக்குத் தனிச் சட்டம். ஆகவே அரபுக் காகிதத்தை அரபி படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த ஆலிம் யாரிடமாவது காட்டிக் கேட்பது நலம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை நியமனக் கடிதத்தைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம்.

இந்தியாவில் முடிக்க வேண்டிய காரியமும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்குப் பொதுவாக 'இ.சி.ஆர்.' வகைப் பாஸ்போர்ட்டே கிடைக்கும். அவர் வளைகுடா நாடுகள், மலேசியா போன்றவற்றுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் 'இ-மைகிரேட்' இணையதளம் வழியாகப் போகிறது. இதற்காக எடுக்கும் காப்பீட்டில், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழியுண்டு. சுற்றுலா விசாவில் அனுப்பும் ஏஜெண்டு இந்த அனுமதியைத் தாண்டிக் குதிக்கிறார். அதோடு காப்பீடும் போகிறது. இவ்வகைப் பாஸ்போர்ட்டில் செல்லும் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதும் விதி.

உரிமம் பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் அதே இணையதளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத வரியும், ஆக 35,400 ரூபாய். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, ஆள் சேர்க்கும் செலவும் வேலை அனுமதிக் கட்டணமும் முதலாளியுடையதே என்கிறது. அப்படியிருக்க, விசாவுக்கு விலை என்று ஒன்றரை லட்சம் கேட்பது எந்தக் கணக்கு? நூற்றுக்கு மூன்று வட்டியில் அந்தப் பணத்தை வாங்கினால் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போகும். முதல் அப்படியே நிற்கும். நிலமும் ஒத்திக்காரர் உழவில் இருக்கும்.

சிங்கப்பூர் நடைமுறை வேறு. அங்கே செல்ல மேற்சொன்ன பாதுகாவலர் அனுமதி தேவையில்லை. புறப்படுமுன் அந்நாட்டு மனிதவள அமைச்சு வழங்கும் முன் அனுமதிக் கடிதம் கைக்கு வர வேண்டும். முதலாளி பெயர், தொழில், அடிப்படைச் சம்பளம், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஏஜெண்டு சொன்ன சம்பளத்தோடு அதை ஒத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குச் செலுத்தும் தீர்வையை அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

ஏஜெண்டையே நாட வேண்டியதில்லை என்பவர்களுக்கு, 1978-இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. யாரிடம் பணம் கட்டினாலும் ரசீது வாங்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீடு இவற்றின் நகல் ஒரு கட்டு வீட்டில் இருக்கட்டும். அங்கே ஏதேனும் நேர்ந்தால், விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க மனைவியோ தகப்பனாரோ எடுத்துப்போக வேண்டியது அந்தக் கட்டைத்தான்.